எஸ்பிரெசோ எந்திரத்துக்கு பி.ஐ.டி.: சூட்டை ஒரே இடத்தில் நிறுத்துவது

வீட்டு எஸ்பிரெசோ எந்திரத்தில் காபி ஒரு நாள் புளிக்கிறது, மறுநாள் கசக்கிறது என்றால், கொட்டையையும் அரைவையையும் குறை சொல்வதற்கு முன் பாய்லரின் சூட்டை அளந்து பாருங்கள். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ஒற்றை பாய்லர் இத்தாலிய எந்திரம். 100 மில்லி தண்ணீர் கொள்ளும் அலுமினிய பாய்லர், அதன் சுவருக்குள்ளேயே வார்த்து வைத்த 1370 வாட் காயில், காபித் தூள் போடும் 58 மில்லிமீட்டர் கூடை. உறுதியான உடம்பு. பாகங்களைக் கழற்றி மாட்டுவதும் எளிது. சூட்டுக் கட்டுப்பாடு மட்டும் பழைய காலத்தது: பாய்லரின் மேல் திருகிய இரண்டு பொத்தான் தெர்மோஸ்டாட்கள். காபிக்கு உரியது 107 டிகிரியில் வெட்டும், பால் நுரைக்கும் ஆவிக்கு உரியது 145-ல் வெட்டும்.

அந்தப் பொத்தானுக்குள் இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு. சூடு ஏறினால் ஒரு பக்கமாக வளைந்து 'டிக்' என்று தொடர்பை விடும், ஆறினால் திரும்ப வளைந்து தொடும். விடுகிற சூடும் தொடுகிற சூடும் ஒன்றல்ல, நடுவில் பல டிகிரி இடைவெளி உண்டு. தெர்மோஸ்டாட்டின் பக்கத்தில், சூட்டை அளக்கும் ஒயரான தெர்மோகப்பிளின் முனையை ஒட்டி வைத்து நான் பார்த்தபோது, காயில் நின்ற பிறகும் சூடு ஏறிக்கொண்டே போய் 117-ஐத் தொட்டது. பிறகு மெதுவாக இறங்கி 97-க்கு வந்ததும் மறுபடி 'டிக்'. இருபது டிகிரி ஊஞ்சல். இதில் எந்த நேரத்தில் நாம் சுவிட்சைப் போடுகிறோமோ, அந்த நேரத்துச் சூட்டில் காபி இறங்கும்.

காபிக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். இத்தாலிய எஸ்பிரெசோவுக்குச் சான்று தரும் அமைப்பு, கூடையை மாட்டும் தலைப்பகுதியான குரூப் ஹெட்டிலிருந்து வெளிவரும் தண்ணீர் 88 டிகிரி, கூடக்குறைய 2 டிகிரி இருக்கலாம் என்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய ஸ்பெஷாலிட்டி காபிக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய 90-லிருந்து 96 வரை. இருவரும் எண்ணில் வேறுபட்டாலும், அனுமதிக்கும் இடைவெளி நாலிலிருந்து ஆறு டிகிரிதான். அதற்குள் இருபது டிகிரி ஊஞ்சலை வைத்துக்கொண்டு அரைவையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் மலிவாவதற்கு முன் இதே பிரச்சினையைக் கனத்தால் சமாளித்தார்கள். 1961-ல் வந்த ஃபேமா இ61 எந்திரத்தின் குரூப் ஹெட் ஏறக்குறைய 4 கிலோ பித்தளை. பாய்லரின் வெந்நீர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, எப்போதும் சூடாகவே வைத்திருக்கும். அவ்வளவு உலோகம் சூடானால் சட்டென்று ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. நம் வீட்டுச் சின்ன எந்திரத்தில் அந்தக் கனம் கிடையாது. அதனால் காயிலைக் கவனமாக ஓட்டுவதுதான் வழி. அதற்குத்தான் பி.ஐ.டி. கன்ட்ரோலர், அதாவது சூட்டைப் பார்த்துப் பார்த்துக் காயிலுக்கு மின்சாரத்தை அளந்து விடும் கருவி.

பி.ஐ.டி. புதிய சங்கதி ஒன்றும் இல்லை. 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலின் சுக்கானைத் தானாகப் பிடிக்கும் கருவிக்காக இதன் கணக்கை எழுதினார். அனுபவமுள்ள மாலுமி சுக்கானைத் திருப்பும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்: இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம், இவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறோமா, எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். பி, ஐ, டி என்ற மூன்று எழுத்துகளும் இந்த மூன்றும்தான். பாய்லருக்கும் அப்படியே பொருந்தும். மூன்றாவது எழுத்துதான் நமக்கு முக்கியம்: நிறுத்தம் கண்ணில் பட்டதுமே பஸ் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதுபோல், குறித்த சூடு நெருங்கும்போதே கன்ட்ரோலர் காயிலை அடக்கத் தொடங்கும்.

கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங், பேக்கிங் எந்திரம் என்று எதைத் திறந்தாலும் உள்ளே 48-க்கு 48 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் இருக்கும். அதற்கான உதிரிக் கடைகளும் அங்கே உண்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும். நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் மாம்பழச் சீசன் முழுக்க இதே பெட்டிதான் ராத்திரி பகலாக வேலை செய்கிறது. எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் அப்படிப்பட்ட ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பெங்களூரா மாம்பழக் கூழை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி டின்னில் அடைப்பதைத் தினமும் பார்ப்பவர். என் திட்டத்தைச் சொன்னதும், "நாங்க டன் கணக்குல பண்றத நீ டம்ளர் கணக்குல பண்ணப் போற, அவ்ளோதான் தம்பி" என்றார். இந்த வேலையில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கன்ட்ரோலரின் அவுட்புட். ஒரே முகம், ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு வகை. ஒன்றில் மின்சாரத்தைத் தொட்டு விடும் சின்ன சுவிட்சான ரிலே இருக்கும். இன்னொன்றில் 12 வோல்ட் துடிப்பு வெளிவரும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ரிலே வகையை வாங்கினால் ஓரிரு விநாடிக்கு ஒரு முறை தட்டித் தட்டி அதன் முனைகள் சீக்கிரமே கருகிவிடும். அதைக் காப்பாற்ற இருபது விநாடிக்கு ஒரு முறை என்று வைத்தால், நூறு மில்லி பாய்லருக்கு அது மிக நீண்ட இடைவெளி. பரவலாகக் கிடைக்கும் ரெக்ஸ் சி-100 வகையில் மாடல் எண்ணின் நடுவே 'எம்' என்று இருந்தால் ரிலே, 'வி' என்று இருந்தால் துடிப்பு. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அந்த 12 வோல்ட் துடிப்பு ஓட்டுவது அசையும் முனைகள் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்சான ஒரு சாலிட் ஸ்டேட் ரிலேவை, சுருக்கமாக எஸ்.எஸ்.ஆர். 1370 வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 ஆம்பியர். அதற்கு 25 ஆம்பியர் எழுதிய எஸ்.எஸ்.ஆர். போதும் என்பார்கள். நான் 40 ஆம்பியர் போட்டேன். இதற்குள் மின்சாரம் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் உள்ளேயே விழும். ஆறு ஆம்பியரோடு பெருக்கினால் 9 வாட், அத்தனையும் சூடு. அதனால் எந்திரத்தின் அடித்தகட்டில், பாய்லருக்கு எட்டாத மூலையில், தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கித் திருகினேன். எஃகு அடித்தகடே அதற்கு ஹீட் சிங்க்.

சென்சார் விஷயத்தில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு: பி.டி.-100. கே வகைத் தெர்மோகப்பிள் மலிவு, மிக அதிகச் சூட்டையும் தாங்கும், ஆனால் நமக்குத் தேவை 90-க்கும் 150-க்கும் நடுவில் துல்லியம். பி.டி.-100 என்பது பிளாட்டினம் கம்பி. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். மல்டிமீட்டரை வைத்தே சோதிக்கலாம்: அறை 28 டிகிரி இருந்தால் 111 ஓம் அளவுக்குக் காட்ட வேண்டும். எம்4 மரையுள்ள பி.டி.-100 வாங்கினால் பழைய தெர்மோஸ்டாட் இருந்த அதே துளையில் திருகிவிடலாம், பாய்லரில் புதிதாகத் துளைபோட வேண்டாம். மூன்று ஒயர் வகையாகக் கேளுங்கள். ஒரு டிகிரிக்கு மாற்றம் 0.4 ஓம்கூட இல்லை. ஒயரின் சொந்தத் தடை அதில் கலந்தால் கணக்கு தப்பும். மூன்றாவது ஒயர் அதைக் கழிக்கத்தான்.

இனி ஒயரிங். பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரு கை அகலத்தில் இருக்கும் எந்திரம் இது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத சர்க்யூட்டில் இந்த எந்திரத்தை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து, பி.ஐ.டி. போட்டாலும் போடாவிட்டாலும்.

மூடியைக் கழற்றியதும் பாய்லரின் உச்சியில் காபிக்கு உரிய 107 டிகிரி தெர்மோஸ்டாட்டும் அதில் செருகிய இரண்டு ஒயரும் தெரியும். முதலில் போன் எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஒயரையும் உருவி எஸ்.எஸ்.ஆரின் 1, 2 முனைகளுக்குக் கொண்டுபோனால் முக்கால் வேலை முடிந்தது. இனி பாய்லருக்கு மின்சாரம் விடுவதும் நிறுத்துவதும் எஸ்.எஸ்.ஆர். அதன் 3, 4 முனைகள் கன்ட்ரோலரின் 12 வோல்ட்டுக்கு. இங்கே கூட்டல் கழித்தல் மாறக் கூடாது. கன்ட்ரோலருக்கான 230 வோல்ட்டை மெயின் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். எந்திரத்தைப் போட்டால் அதுவும் எரியும், அணைத்தால் அதுவும் அணையும்.

பாய்லர் பக்கத்தில் சாதாரண பி.வி.சி. ஒயர் இளகிவிடும். டெஃப்லான் ஒயர் அல்லது சிலிகான் ஒயர், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ். ஒயர் முனையில் மாட்டும் லக்குகளைக் கட்டிங் பிளேயரால் நசுக்காமல் சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். ஆறு ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு தளர்ந்த லக் இருந்தால் அதுவே ஒரு குட்டிக் காயிலாகிவிடும். போட்டு முடித்ததும் ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வரக் கூடாது.

ஆவிக்கான 145 டிகிரி தெர்மோஸ்டாட்டையும் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸையும் தொடவே இல்லை. காரணம் இருக்கிறது. எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கெடும், அதாவது கன்ட்ரோலர் 'நிறுத்து' என்றாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது பாய்லரைக் காப்பாற்றுவது வரிசையில் பின்னால் நிற்கும் அந்த இரண்டும்தான். என் எந்திரத்தில் அவை இரண்டும் காயிலோடு தொடராக இருப்பதை மல்டிமீட்டரின் பீப் ஒலியில் உறுதிசெய்துகொண்டேன். உங்கள் எந்திரத்தில் ஒயரிங் வேறாக இருக்கலாம். இதைச் சோதிக்காமல் மூடியை மாட்ட வேண்டாம். இன்னொன்று: எஸ்.எஸ்.ஆர். அணைந்திருக்கும்போதும் மிகச் சிறிய மின்சாரம் கசியும். அந்த முனையில் டெஸ்டர் வைத்தால் எரியும். பிளக் செருகியிருக்கும்போது விரல் வைக்கவே கூடாது.

மின்சாரம் கொடுத்ததும் கன்ட்ரோலர் அறைச் சூட்டைக் காட்டியது. துடிப்பின் சுற்று நேரத்தை 2 விநாடி என்று வைத்தேன். நம் மின்சாரம் விநாடிக்கு 50 அலை, ஆக இரண்டு விநாடியில் 100 அலை. கன்ட்ரோலர் 15 சதவீதம் வேண்டும் என்றால் 15 அலை உள்ளே போகும், மீதி நிற்கும். இதைவிடச் சுலபமான கணக்கு கிடைக்காது.

ஆட்டோ டியூன் பொத்தானை அழுத்தினால் கன்ட்ரோலர் தானே சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்து மூன்று எண்களையும் கண்டுபிடித்துக்கொள்ளும். பாய்லர் நிறையத் தண்ணீரோடு, கூடையைத் தாங்கும் கைப்பிடி மாட்டிய நிலையில், எதையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். அது தந்த எண்களில் சூடு அருமையாக நின்றது, ஒரு டிகிரிகூட அசையவில்லை. ஆனால் குளிர்ந்த நிலையில் இருந்து தொடங்கும்போது ஐந்தாறு டிகிரி தாண்டிப் போய்விட்டுத் திரும்ப வந்தது. காபி இறக்கும்போதோ, விழுந்த சூடு மீள நெடுநேரம் பிடித்தது.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஐ-யையும் டி-யையும் பூஜ்யமாக்கச் சொன்னார். பி பட்டையை, அதாவது குறித்த சூட்டுக்கு எத்தனை டிகிரி முன்பிருந்து காயிலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற இடைவெளியை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிக்கொண்டே வந்தோம், சூடு சீராக ஊசலாடத் தொடங்கும் வரை. "இந்த ஆட்டம் எத்தனை செகண்டுக்கு ஒருக்கா வருதுன்னு பாரு, அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். 1942-ல் ஜீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர் எழுதிய முறை இது: ஆட்டத்தின் நேரத்தில் பாதி ஐ, எட்டில் ஒரு பங்கு டி. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே வைத்தால் பாய்லர் துள்ளும். ஆலையில் அவர்கள் செய்வதுபோல் பி பட்டையை இரண்டு பங்கு அகலமாக்கி, ஐ நேரத்தையும் நீட்டினோம். எங்களுக்கு நின்ற எண்கள்: பி 8 டிகிரி, ஐ 150 விநாடி, டி 20 விநாடி. வேறு எந்திரத்துக்கு வேறு எண் வரும். கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் இந்த எண்களின் அலகும் மாறும். இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி இறங்கும்போது சூடு ஏன் விழுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு முறை காபி இறக்க, தூள் குடிப்பதையும் சேர்த்து, ஏறக்குறைய 60 மில்லி தண்ணீர் உள்ளே போகிறது. 28 டிகிரித் தண்ணீரை 93-க்குக் கொண்டுவர 16 கிலோ ஜூல் வேண்டும். அது 28 விநாடியில் நடக்க வேண்டுமானால் 580 வாட். 1370 வாட் காயிலுக்கு இது பெரிய பாரம் இல்லை. சிக்கல் தாமதத்தில் இருக்கிறது: குளிர்ந்த தண்ணீர் உள்ளே நுழைந்த செய்தி அலுமினியச் சுவர் வழியாகச் சென்சாருக்கு எட்டும்போது ஷாட்டில் கால் பங்கு முடிந்துவிடுகிறது. சிலர் ஷாட் தொடங்கும்போதே ஆவி சுவிட்சை மூன்று நான்கு விநாடி தட்டிவிடுவார்கள், காயில் முழு வேகத்தில் ஓடட்டும் என்று. வேலை செய்யும்தான். ஆனால் கையால் தட்டும் விநாடி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது, எதற்காகக் கன்ட்ரோலர் போட்டோமோ அதையே இது கெடுக்கும். நான் தட்டுவதில்லை.

இதுவரை சொன்னது பாய்லர் தோலின் சூடு. டியூனிங் முடிந்து 104-ல் அசையாமல் நின்ற எண்ணை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டார்: "மீட்டர்ல தெரியறது சென்சார் சொல்றது. தண்ணி என்ன சொல்லுதுன்னு பார்த்தியா?" இந்த வேலையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். காபித் தூளைத் தொடுவது தண்ணீர். பாய்லரிலிருந்து குரூப் ஹெட் வழியாக வருவதற்குள் அது எத்தனை டிகிரி இழக்கிறது என்று தெரியாமல் கன்ட்ரோலரில் எந்த எண்ணை வைத்தாலும் குருட்டாம்போக்குதான்.

அளப்பதற்கு முன் அளக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி என்பது கடல் மட்டத்தில். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆக நம் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் 98-க்குச் சற்று மேலே, ஓசூரில் 97. இது தெரியாமல் கொதிநீரில் சென்சாரை முக்கி "100 காட்ட வேண்டும்" என்று திருத்தினால், கன்ட்ரோலரில் நிரந்தரமாக இரண்டு டிகிரி பொய் புகுந்துவிடும். நான் தெர்மோகப்பிளையும் பி.டி.-100-ஐயும் ஒன்றாகக் கட்டி, தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்தில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன். பி.டி. 98.4 காட்டியது, தெர்மோகப்பிள் 99.6. அப்புறம் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்ததில் பி.டி. பூஜ்யத்தை ஒட்டி நின்றது. சரி, பி.டி.யை நம்பலாம். தெர்மோகப்பிளில் 1.2 கழித்துப் படிக்க வேண்டும்.

தண்ணீரை அளக்க ஒரு தெர்மோகோல் கப் போதும் என்று முதலில் தோன்றும். அதன் அடியில் தெர்மோகப்பிள் முனை முங்கும்படி வைத்து, குரூப் ஹெட்டுக்கு நேர் கீழே பிடித்து 60 மில்லி விட வேண்டும். கைப்பிடியும் கூடையும் இல்லாமல் திறந்துவிட்டால் முதலில் 'புஸ்' என்று ஆவியும் தண்ணீரும் சிதறும். பாய்லருக்குள் 104 டிகிரியில் அடைபட்டிருந்த தண்ணீர், வெளியே வந்ததும் இங்குள்ள கொதிநிலையைத் தாண்டியிருப்பதால் ஒரு பங்கு ஆவியாகப் பறக்கிறது. மீதித் தண்ணீர் அதனாலேயே குளிர்ந்துவிடும். அந்த அளவை நம்ப முடியாது. கூடையில் தூள் இருக்கும்போது 9 பார் அழுத்தம் இருப்பதால் ஆவியாவதில்லை. ஆகவே மெல்லிய தெர்மோகப்பிள் ஒயரைக் கூடையின் விளிம்பு வழியாக உள்ளே விட்டு, முனை தூளின் மேற்பரப்பில் இருக்கும்படி வைத்து, கைப்பிடியை இறுக்கி உண்மையான ஷாட் ஒன்றை இறக்கினேன். ரப்பர் கேஸ்கெட் ஒயர் மேல் அமர்ந்து கொஞ்சம் கசியத்தான் செய்யும். பரவாயில்லை, கீழே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் 104 என்றபோது தூளின் மேல் 94-ல் தொடங்கி, நடுவில் 91-க்கு இறங்கி, கடைசியில் 92. எந்திரத்தைப் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்த அளவு இன்னும் இரண்டு டிகிரி குறைவு. காரணம், கன்ட்ரோலர் 104-ஐத் தொட்டுவிட்டாலும் குரூப் ஹெட்டின் இரும்பும் பித்தளையும் அதற்குள் சூடாவதில்லை. ஆகவே எண் வந்ததும் காபி போடக் கூடாது. கைப்பிடியை மாட்டியபடி இருபது, இருபத்தைந்து நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் காலிக் கூடை வழியாக ஒரு கோப்பை வெந்நீர் ஓட்டிவிட வேண்டும். கன்ட்ரோலர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது.

அடுத்தது வோல்டேஜ். காயிலின் சக்தி வோல்டேஜின் இருமடி விகிதத்தில் மாறும். மாலை நேரத்தில் எங்கள் வீட்டில் 195-க்கு இறங்குவது உண்டு. அப்போது 1370 வாட் காயில் 985 வாட்தான் தரும். பழைய தெர்மோஸ்டாட்டுக்கு இது ஒரு பொருட்டில்லை, நேரம் மட்டும் கூடும். பி.ஐ.டி.க்கோ தான் கற்றுக்கொண்ட பாய்லர் வேறு, இப்போது ஓட்டும் பாய்லர் வேறு என்று ஆகிவிடும். ஷாட்டுக்குப் பின் மீள்வது மந்தமாகும். பம்பும் தளரும், அழுத்தம் குறையும். 2 கிலோ வோல்ட் ஆம்பியர் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போட்ட பிறகு காலைக் காபியும் மாலைக் காபியும் ஒன்றாக வரத் தொடங்கின. செலவைப் பார்ப்பவர்களுக்கு என் யோசனை: டியூனிங்கை வோல்டேஜ் குறைந்த நேரத்தில் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் 230 வரும்போது துள்ளும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியில் எந்த பாய்லர் பற்றியும் பேச முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். போர் தண்ணீரை எந்திரத்தில் ஊற்றாமல் இருக்க அதுவே போதிய காரணம். பாய்லருக்குக் கெடுதல் செய்வது இன்னொன்று: கால்சியம். உள்சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு கட்டும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது சூட்டை மிகக் குறைவாகவே கடத்தும். வெளியே சென்சார் 104 என்று சத்தியம் செய்யும், உள்ளே தண்ணீருக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. ஆறு மாதம் முன்பு அளந்த பத்து டிகிரி வித்தியாசம் பதின்மூன்றாக மாறியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படிவைத்தான். கன்ட்ரோலரைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் ஒகேனக்கல் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து ஊற்றுகிறேன். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், தாதுக்கள் இல்லாத தண்ணீர் உலோகத்துக்கும் நல்லதல்ல. படிவு நீக்க சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டருக்கு 20 கிராம் அளவில் மெல்லிய கரைசல். அலுமினிய பாய்லர் என்பதால் ஊறவிடாமல் ஓட்டி, நல்ல தண்ணீரால் பலமுறை அலசிவிட வேண்டும்.

ஆவிப் பக்கம் எதையும் மாற்றவில்லை. ஆவி சுவிட்சைப் போட்டால் அது எஸ்.எஸ்.ஆரைத் தாண்டி நேராகக் காயிலுக்கு மின்சாரம் விடும், பழைய தெர்மோஸ்டாட் 145-ல் வெட்டும். ஆனால் இப்போது முகப்பில் எண் தெரிகிறது என்பதே பெரிய உதவி. 138 வந்ததும் ஆவிக் குழாயைத் திறந்தால் காயில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், நுரை முடியும் வரை அழுத்தம் தளராது. வெட்டியபின் திறந்தால் பாதியில் மூச்சு வாங்கும். பால் முடிந்ததும் குரூப் வழியாகத் தண்ணீர் விட்டு, எண் 104-க்கு இறங்கும் வரை பார்த்துவிட்டு அடுத்த ஷாட் போடலாம். முன்பு இது வெறும் ஊகம்.

சுவைக்கு வருகிறேன். சேலம் மாவட்டத்து ஏற்காட்டு அரபிகா, நடுத்தர வறுவல். 16 கிராம் தூள், 34 கிராம் காபி, 28 விநாடி. அரைவையைத் தொடாமல் கன்ட்ரோலரை மட்டும் 101, 104, 107 என்று மாற்றி அடுத்தடுத்து இறக்கிப் பார்த்தோம். 101-ல் நாக்கின் இரு ஓரத்திலும் புளிப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. 107-ல் தொண்டையில் கசப்பு தங்கியது. 104-ல் வெல்லப்பாகு வாசனை, புளிப்பு ஆரஞ்சுத் தோல் அளவுக்கு. அண்ணன் தினமும் டிக்ரி காபி குடிப்பவர். 104-ல் இறக்கியதைக் குடித்துவிட்டு, "இது பால் இல்லாமலே போகுது" என்றார். கருக வறுத்த கொட்டைக்கு இரண்டு மூன்று டிகிரி இறக்கியும், லேசாக வறுத்ததற்கு ஏற்றியும் வைக்கிறேன். சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை மட்டும் இந்தக் கூடையில் போடாதீர்கள், ஈரம் பட்டதும் பசைபோல் அடைத்துக்கொள்ளும். அதற்கு நம் பித்தளை ஃபில்டரே சரி.

இதே வகை எந்திரம் வைத்திருப்பவர்கள் செய்ய நினைத்தால் வரிசை இதுதான்: முதலில் படிவு நீக்கம், பிறகு பழைய தெர்மோஸ்டாட்டோடு சூட்டின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்வது, அதன் பிறகே ஒயரிங். ஒரு மாதம் ஓடியபின் பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து, எஸ்.எஸ்.ஆர். திருகுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி அவை கொஞ்சம் தளரும். என்னுடையதில் 2-ஆம் முனை கால் சுற்று இறுகியது. அடுத்த வேலையாக, பாய்லரைச் சுற்றிச் சூடு தாங்கும் செராமிக் கம்பளி சுற்றலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். ஆலையில் குழாய்க்குச் சுற்றும் துண்டு மிச்சம் இருந்தால், சீசன் முடிந்ததும் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.